புதுப்பிப்பு: ஒயர் வாங்கியாயிற்று

மாடியில் இரண்டு அறை கட்டுகிறோம், ஒயருக்குக் கடைக்கு ஒரு விலை சொல்கிறார்கள், எதை நம்புவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

குழப்பியது தள்ளுபடிதான். ஒரு கடையில் லிஸ்ட் விலையில் 40 சதவீதம் குறைப்பு, ஆனால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இன்னொன்றில் 30தான், வரி உள்ளடக்கம். நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் முதல் கடையில் 70.80, இரண்டாவதில் 70!

மூன்றாவது கடைதான் ரொம்ப மலிவு. அங்கே தராசு கேட்டேன், கடைக்காரர் முகம் மாறிவிட்டது. 2.5 சதுர மி.மீ. ஒயர் 90 மீட்டர் என்றால் செம்பு மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோ வரும். அவர் கொடுத்த சுருளோ உறையோடு சேர்த்தே அவ்வளவு இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் காணோம். சரி, வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது கடையிலேயே விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 எடுத்தேன். விளக்குக்கு 1 போதுமே என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார், நான் கேட்கவில்லை. அப்புறம், பிரிக்காத சுருளைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்கினேன். இரண்டு சுருள் மிஞ்சும்போல் இருக்கிறது.