உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்டதுண்டா? சென்னை ஆய்வாளர்கள் பகிரலாம்

அடையாறு வக்கீலம்மா:
சட்டத்தில் பிஎச்டி செய்கிறேன், மருந்துக் காப்புரிமை பற்றி. க்ளிவெக் வழக்கைத் தொடாமல் இந்தத் தலைப்பில் ஒரு பக்கம்கூட நகராது. ரத்தப் புற்றுநோய்க்கான அந்த மருந்தின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் திறன் கூடினால்தான் காப்புரிமை என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் போட்ட வழக்கு 2007-ல் நம் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'பீட்டா படிகம்', அதாவது நிறுவனம் காப்புரிமை கேட்ட அந்த மருந்தின் படிக வடிவம். நான் பார்த்த சட்டக் கட்டுரைகள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. எனக்கு மனசு ஒப்பவில்லை. தெரிந்த அக்கா ஒருவர் சொல்லி, கிண்டியில் படிகவியல் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன்.

“வேதியியல் எதுவரைக்கும் படிச்சீங்க?” என்றார். பிளஸ் டூ என்றேன். “போதும், உட்காருங்க.”

ஒரே செங்கல்லை நேராகவும் அடுக்கலாம், மாற்றி மாற்றியும் அடுக்கலாம், அவ்வளவுதான் விஷயம் என்று தொடங்கினார். மூலக்கூறு மாறாது, அடுக்கு மட்டும் மாறும். எக்ஸ்ரே பாய்ச்சினால் எந்த அடுக்கு என்று தெரிந்துவிடும். அடுக்கு மாறினால் பொடி ஈரம் இழுக்கும் அளவு, இயந்திரத்தில் சரளமாக ஓடுவது, கரையும் வேகம் எல்லாமே மாறலாம். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார், அதுதான் இப்போது என் மூன்றாம் அத்தியாயம்: “கரைஞ்சு ரத்தத்துல கலந்த பிறகு, அது எந்த அடுக்குல இருந்துச்சுன்னு உடம்புக்குத் தெரியாதும்மா.”

வீட்டுக்கு வந்து தீர்ப்பை மறுபடி படித்தேன். ஈரம் குறைவாக இழுப்பதும் நன்றாக ஓடுவதும் நிலையாக இருப்பதும் சேமிக்க, தயாரிக்க உதவும். நோய் தீர்க்கும் திறன் கூடியதாக ஆகாது என்று நீதிபதிகள் ஏன் பிரித்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. உடல் 30 சதவீதம் கூடுதலாக ஏற்கிறது என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. அதுவும் எலிகளில் பார்த்த கணக்கு.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கிண்டிக்காரன்:
நீங்கள் போய் நின்ற கிண்டிக்கு இது பழைய வழக்கம், மேடம். ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அவரை அழைத்த துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரோ மகப்பேறு மருத்துவர். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் பெர்னால், கொலாஜன் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று இவரிடம் பேசிவிட்டுப் போனார். தோல் என்றாலே பெரும்பாலும் கொலாஜன்தான். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மாதிரி அங்கிருந்து வந்தது, கங்காரு வால் தசைநார் உட்பட. 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து மூன்றிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். செருப்புக்குத் தோல் பதனிடுவதை ஆராயும் இடத்துக்கும் புரத ஆய்வுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான்.

பழைய பத்திரம்:
நான் வரலாறு. நில உரிமை ஆவணங்கள். ஒரு சத்திரத்துக்கு நிலம் விட்ட ஓலையில் 'சுபகிருது வருஷம்' என்று மட்டும் இருந்தது. கூடவே மாசம், தேதி, கிழமை, நட்சத்திரம். சக ஆண்டு இல்லை. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருமே, 1722-ம் சுபகிருது, 1782-ம் சுபகிருது. கையெழுத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் 1722 என்றால் ஆற்காட்டு நவாப் ஆட்சியின் தொடக்க காலம், கதை வேறு, 1782 என்றால் கம்பெனி ஹைதர் அலியோடு சண்டையில் இருந்த நேரம். என் வாதமே இந்த ஆண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிர்லா கோளரங்கத்தில் ஒரு பேச்சு கேட்கப் போன இடத்தில் வானியல் ஆர்வலர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அங்கேயே போனை எடுத்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 60 சூரிய வருஷம் என்பது சுமார் 21,915 நாளும் சொச்சமும். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து அல்லது ஆறு. அதாவது அதே மாசம், அதே தேதி 60 வருஷம் கழித்து வேறு கிழமையில்தான் விழும். ஆக, கிழமை எழுதியிருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது. நட்சத்திரமும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். ஒத்துப்போனது 1782.

வேடிக்கை என்னவென்றால், அவர் சரிபார்க்கச் சொன்ன புத்தகம் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் 'இந்தியன் எபிமெரிஸ்', 1922-ல் வந்தது. கி.பி. 700 முதல் 1799 வரை நாள் வாரியாகப் பஞ்சாங்கக் கணக்கு. போட்டவர் சட்டப் பட்டதாரி, பிறகு சென்னைச் சட்டமன்றத் தலைவராகவும் இருந்தவர். எழும்பூரில் உட்கார்ந்து ஆவணம் பார்க்கும் எல்லோரும் இதை ஒருமுறையாவது புரட்ட வேண்டும் என்பேன்.

நிலத்தடி:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் கதை வேறு. 1987-ன் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்த கதையையும் சேர்த்து ஆய்வு செய்ய நினைத்தேன். சட்டம் கிராமப் பட்டியல் வைத்துப் பேசுகிறது, மண்ணுக்கடியில் தண்ணீருக்குக் கிராம எல்லை தெரியாது. கிணறுகளில் அளவுக்கு மேல் உறிஞ்சியதால் உப்புநீர் வந்தது என்பதை நீரியல் தெரியாமல் எப்படி எழுத? கமிட்டியில் ஒருவர் “இது சட்டமா, ஜியாலஜியா, முதல்ல முடிவு பண்ணுங்க” என்று சினாப்சிஸைத் திருப்பிக் கொடுத்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். இன்னும் வைவா பாக்கி.

தரமணி:
கமிட்டி தொல்லை எங்களுக்கும் உண்டு, இயற்பியலிலேயே. ஆனால் எங்கள் பக்கத்து ரோஜா முத்தையா நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையத்தைப் போய்ப் பாருங்கள். ஐராவதம் மகாதேவன் வேதியியல் படித்து, சட்டம் படித்து, ஐஏஎஸ் ஆகி, எழுத்தாய்வுக்கு வந்தவர். அவர் 1977-ல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பை வைத்து, கணிதவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர் உட்பட ஒரு குழு 2009-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை போட்டது, மகாதேவனும் அதில் ஓர் ஆசிரியர். ஒரு குறிக்குப் பின் எந்தக் குறி வரும் என்பதில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று அளந்து, பழந்தமிழ், சமஸ்கிருதம், டிஎன்ஏ, ஃபோர்ட்ரான் நிரல் எல்லாவற்றோடும் ஒப்பிட்டார்கள். சிந்து எழுத்து மொழிகளின் பக்கம் விழுந்தது. மொழியியலாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை, கடுமையாகவே எழுதினார்கள். எனக்கும் அந்த அளவுகோல் மட்டும் போதும் என்று தோன்றவில்லை.

அடையாறு வக்கீலம்மா:
@நிலத்தடி, யுஜிசி விதிகளிலேயே பல்துறை ஆய்வுக்கு வேறு துறையிலிருந்து கோ-கைடு வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. விதியை ஜெராக்ஸ் எடுத்து சினாப்சிஸோடு இணைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

நிலத்தடி:
சரி மேடம். நீரியல் பக்கம் ஒரு பேராசிரியர் பேசச் சம்மதித்திருக்கிறார். பிளஸ் டூவில் நான் காமர்ஸ் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.