நேத்து தேயிலைக் கொழுந்து கணக்கு தானா மாறுது, அவசரம்

ஹட்டன்பிள்ளை:
வணக்கம், அம்மாவோட சேர்த்து கொழுந்து எடுக்கிற 20 பேரோட நிறுவையை எழுதி வைக்க ஒரு சின்ன புரோகிராம் செய்றேன், காலை பகல் பின்னேரம்னு ஒருத்தருக்கு மூணு நிறுவை, மாசக் கடைசில சம்பளத் துண்டோட ஒப்பிட்டுப் பார்க்கணும். நேத்து லிஸ்ட்டை காப்பி பண்ணி இன்னைக்குன்னு வேற பேருல வச்சு அதுல கிலோவை மாத்தினா நேத்தையதும் சேர்ந்து மாறிருது. யாராவது சொல்லுங்க.

டிக்கோயா78:
எந்த லாங்குவேஜ் தம்பி? கோட் எங்க?

மழைக்காலம்:
பிஎச்பி லாங்குவேஜா இருந்தா அர்ரேயை (அங்க லிஸ்ட் மாதிரி) வேற பேருக்கு கொடுத்தாலே தனி காப்பி ஆயிரும், இந்தப் பிரச்சினை வராது, நான் எட்டு வருசமா அதுலதான் வேலை செய்றேன், மாறிக்குங்க.

பழையகை:
அடிப்படை படிக்காம எழுத இறங்கினா இப்படித்தான். ஒரே கொழுந்துச் சாக்குல ரெண்டு பேர்ச்சீட்டு கட்டியிருக்கீங்க. சீட்டு ரெண்டானா சாக்கு ரெண்டாகாது. சமன் குறி காப்பி எடுக்காது, இதை எத்தனை தடவ சொல்றது. லிஸ்ட் பேருக்குப் பின்னால [:]னு ஸ்லைஸ் போடுங்க, முடிஞ்சுது.

ஹட்டன்பிள்ளை:
பைத்தான் தான், சொல்ல மறந்துட்டேன். ஸ்லைஸ் போட்டேன் ஐயா, அப்பவும் மாறுது. ஒருத்தருக்கு காலை 6 கிலோ போட்டா 20 பேருக்கும் 6 விழுது.

டிக்கோயா78:
அப்போ ஸ்லைஸ் போதாது. அது வெளி லிஸ்ட்டை மட்டும்தான் புதுசா எடுக்கும், உள்ள இருக்கிற ஆளுக்கொரு லிஸ்ட் பழையதேதான். காப்பி மாடியூல்ல டீப்காப்பி இருக்கு, உள்ள இருக்கிறதையும் சேர்த்து காப்பி எடுக்கும், அதைப் போடுங்க.

மழைக்காலம்:
ஜேசனா (டேட்டாவை எழுத்தா எழுதி வைக்கிற முறை) மாத்தி திருப்பி வாசிச்சாலும் தனியாயிரும்.

பழையகை:
தேதி இருந்தா ஜேசன்ல எழுதவே முடியாம எரர் வரும். ஸ்லைஸ்னா காப்பின்னு நான் சொன்னது உள்ள வேற லிஸ்ட் இல்லாத சாதாரண லிஸ்ட்டுக்கு.

மழைக்காலம்:
நம்பை (பைத்தான்ல எண் கணக்குக்கான லைப்ரரி) அர்ரேல ஸ்லைஸ் காப்பியே இல்ல, அதே டேட்டாவைக் காட்டும். அதையும் சேர்த்து சொல்லுங்க.

பழையகை:
அவர் நம்பை கேட்கவே இல்லையே.

லிந்துலைஅக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. 20 பேருக்கும் ஒண்ணா விழுதுன்னா அது வேற பிழை. தம்பி, ஆரம்பத்துல மூணு சைபர் உள்ள லிஸ்ட்டை எழுதி 20 ஆல பெருக்கினீங்களா? அப்படின்னா 20 இல்ல, ஒரே லிஸ்ட்தான், 20 இடத்துல இருந்து காட்டுது. டீப்காப்பி போட்டா நேத்து இன்னைக்கு பிரியும், ஆனா உள்ளுக்குள்ள ஒட்டியிருக்கிறது ஒட்டினபடியேதான் வரும், ஏன்னா ஒரு தடவ காப்பி எடுத்ததை அது ஞாபகம் வச்சு அதையே திரும்பக் கொடுக்கும். அதனால முதல்ல ஃபார் லூப் போட்டு ஒவ்வொருத்தருக்கும் புது லிஸ்ட் செய்ங்க. ரெண்டு ஆளோட லிஸ்ட்டை, அடையாள நம்பர் காட்டுற ஐடி ஃபங்க்ஷன்ல போட்டுப் பாருங்க, ஒரே நம்பர் வந்தா இன்னும் சரியாகல்ல. இது அம்மாங்களோட ஒரு மாச உழைப்பு, ஒரு கிலோ கூட பிழையாகக் கூடாது. கொப்பியிலயும் எழுதி வைங்க.

ஹட்டன்பிள்ளை:
ஆமா அக்கா, பெருக்கித்தான் வச்சிருந்தேன். மாத்திட்டேன், சரியா வருது. ரொம்ப நன்றி, கரண்ட் போகப் போகுது.

டிக்கோயா78:
டீப்காப்பியும் போட்டீங்களா, லூப் மட்டுமா? மாத்தின கோடை இங்க போட்டுட்டுப் போங்க தம்பி.