தட்டைத் திருப்பிப் பார்க்கும் ஊர்

பீங்கானுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டு அம்மையாரைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். தட்டிலிருந்த முறுக்குகளை அள்ளி என் கையில் கொடுத்துவிட்டு, வெறும் தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "நம் ஊர்ச் சரக்கு இல்லையே, டக்" என்றார். 'டக்' என்பது அங்கே யாரையும் அன்பாக விளிக்கும் சொல். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் ஓட்டலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினைந்து வயதில் பீங்கான் தொழிற்சாலைக்குள் போனவர் அவர். தட்டு விளிம்பில் தங்கக்கோடு இழுப்பது வேலை. எங்கள் சமையல் மேடையிலேயே ஒரு தட்டைச் சுழற்றிக் காட்டினார். தூரிகை பிடித்த கை அசையக்கூடாது, தட்டுதான் சுற்ற வேண்டும். பூசும்போது தங்கமாகவே தெரியாதாம். வெல்லப்பாகு போலப் பழுப்பாக இருந்து, சூளைக்குள் போய் வந்த பிறகுதான் மினுங்குமாம். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், அடியில் நிறுவன முத்திரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணும் தன் அடையாளத்தை இட்டுவிடுவார். இவருடையது இரண்டு புள்ளி, ஒரு கோடு.

இத்தனைக்கும் வெள்ளைப் பீங்கானுக்கான மண் அங்கே கிடையாது. அது கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வந்தது. அங்கே இருந்தது நிலக்கரி. சுடுவதற்கு மண்ணைவிடக் கரிதான் பல மடங்கு வேண்டும் என்பதால், மண்ணைக் கரியிடம் கொண்டுவந்தார்கள். பொதிக்குதிரைகளின் முதுகில் போன பாண்டங்கள் குண்டும் குழியுமான பாதையில் உடைந்தன. இந்த நகரின் பர்ஸ்லெம் பகுதியில் குயவர் குடும்பத்தில் பிறந்து, பெரிய பீங்கான் உற்பத்தியாளரான ஜோசையா வெட்ஜ்வுட் விடாமல் பாடுபட்டு ஆதரவு திரட்டிய ட்ரென்ட்-மெர்சி கால்வாய் 1777இல் முடிந்தது. அதன்பின் லிவர்பூல் வழியாக உலகமே வாடிக்கையாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மையார் என்னை லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். பாட்டில் வடிவச் சூளைகள் அங்கே நிற்கின்றன. ஒரு காலத்தில் நகரம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தவை. இன்று ஐம்பதுகூட இல்லை. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கரி படிந்த செங்கல் சுவர் குறுகிக்கொண்டே போய் ஒரு துண்டு வானத்தில் முடிகிறது. பாண்டங்களைச் சுடுமண் பெட்டிகளில் வைத்து, அந்தப் பெட்டிகளை ஆண்கள் தலையில் சுமந்து ஏணியேறி அடுக்கினார்கள். தொப்பிக்குள் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அசல் சும்மாடு! சூடு முழுதாக ஆறுவதற்குள்ளேயே உள்ளே போய்ச் சரக்கை இறக்கவும் செய்தார்கள்.

அங்கே ஒரு மேசை அருகில் அம்மையார் நின்றுவிட்டார். எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான் சுடும்போது வளையாமலிருக்க, அதைச் சக்கிமுக்கிக் கல் பொடியில் பதித்து வைப்பார்கள். சுட்டபின் அந்தப் பொடியைத் தூரிகையால் தேய்த்து உதிர்ப்பது பெண்களின் வேலை. அவருடைய அம்மா செய்தது அதுதான். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். 1940களின் இறுதியில் அந்தப் பொடிக்குத் தடை வந்தது. "அம்மாவுக்கு அது பயன்படவில்லை" என்று மட்டும் சொன்னார். ரயில் நிலையத்துக்கு எதிரே வெட்ஜ்வுட்டுக்குச் சிலை இருக்கிறது. அது தகும். ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு, பார்த்தே இராத அந்த அம்மாவின் நினைவுதான் வருகிறது.

1956இல் வந்த தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு கரிச்சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பின்னர் வேலையே பெருமளவு வெளிநாடுகளுக்குப் போய்விட்டது.

போன மாதம் பழைய சாமான் சந்தையில் தங்க விளிம்புள்ள ஒரு கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு புள்ளி, ஒரு கோடு! பேரம் பேசாமல் வாங்கி, நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னுடையது இல்லை, டக். கோடு சாய்ந்திருக்கிறது பார். எனக்கு முன்னால் அந்தப் பெஞ்சில் இருந்தவள் வைத்தது. அவள் போன பிறகு அவளுடைய அடையாளத்தைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்" என்றார். கோப்பையைக் கழுவி, அதிலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார்.