கல்லூரி முடிச்சதும் எம்15 டென்னிஸ் ஆடணும்னா எங்கிருந்து தொடங்குறது?

கரைவலை:
ராம்நாட்டுல பி.காம். கடைசி வருஷம் படிக்கிற தம்பிக்காகக் கேக்குறேன். பல்கலைக்கழக அணியில ஒற்றையர் ஆடுறான். அகில இந்திய டென்னிஸ் சங்கப் பதிவு இருக்கு, ஆண்கள் தரவரிசையில இன்னும் பேர் வரலை. நேரா ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்துற எம்15 போட்டிக்கு, அதாவது 15,000 டாலர் பரிசுள்ள ஆண்கள் போட்டிக்கு, பேர் கொடுக்கலாமா? பயிற்சி முழுக்கக் கடலோரத்து மண்டபம் ஊர்ப் பக்கம் சிமெண்ட் தளத்துலதான்.

நடுவர் நாற்காலி:
பேர் கொடுக்கலாம், இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். முதல்ல ஐ.டி.எஃப். தளத்துல ஐபின்ங்கிற ஆட்டக்காரர் அடையாள எண் வாங்கணும். கூடவே சூதாட்டத் தடுப்பு இணையப் பாடத்தையும் முடிக்கணும். டென்னிஸ் ஆட்டத்து மேல பந்தயம் கட்டுறது சிநேகிதனோட பத்து ரூபாய்க்குன்னாலும் குற்றம்தான்.

போட்டி வாரத்துத் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னாடி வர்ற வியாழன் பேர் கொடுக்கக் கடைசி நாள், விலகக் கடைசி நாள் 13 நாள் முன்னாடி வர்ற செவ்வாய். ரெண்டுக்குமே நேரம் கிரீன்விச் கணக்குல 14 மணி, நமக்கு ராத்திரி 7.30. "ரெண்டு மணி"ன்னு படிச்சுட்டு மதியமே முடிஞ்சுதுன்னு விட்டவங்க நிறைய. செவ்வாய்க்கு அப்புறம் விலகினா அபராதம் வரலாம்.

ஏ.டி.பி. புள்ளி (ஆண்கள் உலகத் தரவரிசைப் புள்ளி) இல்லாதவனுக்குத் தகுதிச் சுற்றுதான் வாசல். அங்கே இடம் பிடிக்கத் தேசியத் தரவரிசை உதவும். அதனால முதல் ஆறு மாசம் உள்நாட்டு ஆண்கள் போட்டிகளே போதும். தகுதிச் சுற்றுல மூணாவது செட் கிடையாது, அதுக்குப் பதிலா ரெண்டு புள்ளி வித்தியாசத்தோட முதல்ல 10 புள்ளி எட்டுறவன் ஜெயிக்கிற டைபிரேக்தான். மெதுவா சூடுபிடிக்கிற பையன் அதுலதான் தோத்துப்போவான். வாரத்துக்கு நாலு முறையாவது அதை மட்டும் தனியா ஆடிப் பழகச் சொல்லுங்க.

கரைவலை:
நன்றிண்ணே. புள்ளி, காசு எப்படி வரும்?

கணக்குப்பிள்ளை:
எம்15 பிரதானச் சுற்றுல முதல் ஆட்டம் ஜெயிச்சா 1 புள்ளி, கோப்பைக்கு 15. 52 வாரத்துல கழிஞ்சிடும். பரிசு: முதல் சுற்றுல தோத்தா 156 டாலர், பட்டத்துக்கு 2,160. வரி பிடித்தம் போகத்தான் கையில வரும். தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுற கூலின்னு ஒரு வாரச் செலவுக்கே அந்த 156 பத்தாது. ஒரு ஊர்ல ரெண்டு மூணு வாரம் அடுத்தடுத்து போட்டி நடந்தா அதைப் பிடிங்க. பயணச் செலவு ஒண்ணுதான். இரட்டையர் ஜோடியையும் முன்கூட்டியே பேசி வெச்சுக்கணும்.

அமெரிக்கக் கல்லூரி வழியும் இருக்கு. மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் அங்கே வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துல ஆடினவர், 2025-ல டேவிஸ் கோப்பையில சுவிட்சர்லாந்தைச் சாய்ச்ச இந்திய அணியில ஆடி ஒற்றையர்ல ஜெயிச்சார். அங்கத்திய கல்லூரி ஒற்றையர் தரவரிசையில முதல் 20 பேருக்கு 2023-லேர்ந்து சேலஞ்சர் போட்டிகள்ல (எம்15-ஐ விட மேல்படிப் போட்டிகள்) இடம் ஒதுக்குறாங்க. நம்ம பல்கலைக்கழகப் பதக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. இன்னொண்ணு, அங்கத்திய கல்லூரி விளையாட்டு முதல் பிரிவுல ஆடத் தகுதிக் காலம் 5 வருஷம். அது இங்கே கல்லூரியில சேர்ந்தப்பவே ஓட ஆரம்பிச்சிருக்கும்.

நரம்புக்காரன்:
கடலோரம் ஆடுறவனுக்கு ஒரு விஷயம் சாதகம். தளம் வழக்கமா வடக்கு தெற்காத்தான் போட்டிருப்பாங்க. கச்சான் (மேற்குக் காத்து) அடிச்சா பந்து பக்கவாட்டுல ஓடும், வாடைன்னா (வடக்குக் காத்து) நீளவாக்குல தள்ளும். கச்சானுக்குக் கோட்டை ஒட்டி அடிக்காம ஒரு மீட்டர் உள்ளே குறி வைக்கணும், சர்வீஸுக்குப் பந்தைத் தாழ்வாத் தூக்கணும். வாடையில எதிர்க்காத்துப் பக்கம் நின்னா வலைக்கு மேல உயரமா அடிக்கலாம், காத்து பந்தை உள்ளேயே இறக்கிடும். பின்காத்துல அதே அடி வெளியே போயிடும், சுழல் கூட்டணும்.

பாலியஸ்டர் நரம்பு அறுந்தாத்தான் மாத்தணும்னு இருக்காதீங்க. 10, 12 மணி நேரம் ஆடினாலே இழுவை விழுந்திடும், முழங்கை வலிக்கும். 22-லிருந்து 24 கிலோ இழுவையில கட்டி ஆரம்பிங்க. ஈரப்பதத்துல பந்து மயிர் பொங்கி கனமாகும், அன்னிக்கு ஒரு கிலோ குறைச்சுக் கட்டலாம். மாட்டுக் குடல்ல செய்யுற நரம்பு இந்த உப்புக் காத்துக்கு ஆகவே ஆகாது. ஒரே எடையில மூணு மட்டையாவது வேணும். வெயில்ல நிக்கிற கார் டிக்கில மட்டையைப் போடாதீங்க.