சியர்ஸ் கிறிஸ்துமஸ் கேட்லாக்: பழைய பிரதி வாங்குவோர் கவனத்துக்கு

கதிர்:
தபால் வழியாகப் பொருள் விற்ற அமெரிக்க நிறுவனமான சியர்ஸ், கிறிஸ்துமஸுக்கென்று தனி கேட்லாக் (படமும் விலையும் போட்ட பொருள் பட்டியல் புத்தகம்) போட ஆரம்பித்தது 1933-இல். மின்சார ரயில் பொம்மை, மிக்கி மவுஸ் வாட்ச், ஏன், உயிருள்ள கேனரிப் பறவைகூட அதில் விற்பனைக்கு இருந்தது! மக்கள் வாயில் புழங்கிய ‘விஷ் புக்’ என்ற பெயரை நிறுவனமே வைத்துக்கொண்டது 1968-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளை இணையத்தில் தேடும்போது கிறிஸ்துமஸ் கேட்லாக் என்று போட்டுத் தேடுங்கள்.

வாங்குமுன் பொம்மைப் பகுதியின் பக்க எண்களை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் கத்தரி வைத்தது அங்கேதான். ஈரம் பட்ட பிரதி வேண்டவே வேண்டாம். பளபளப்புத் தாளின் மேல்பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிப் பலகையாகிவிடும். பிரித்தால் படமும் சேர்ந்து உரிந்து வரும்.

மீனா:
ஆர்டர் படிவம் கிழிபடாமல் இருந்தால் இன்னும் நல்லது, கதிர் சார். அந்தக் காலத்தில் பொருள் எண், எண்ணிக்கை, நிறம், விலை, கடைசியில் எடை என்று வரிசையாக நிரப்ப வேண்டியிருந்தது. ஆள் தடுமாறிய இடம் எடைதான். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. 2 பவுண்டு 12 அவுன்ஸும் 1 பவுண்டு 9 அவுன்ஸும் சேர்ந்தால் 4 பவுண்டு 5 அவுன்ஸ். பார்சல் தபாலில் மிச்ச அவுன்ஸும் அப்போது முழுப் பவுண்டாகத்தான் கணக்கு, ஆக 5 பவுண்டுக்குக் கட்டணம். அதையும் தூரத்தைப் பொறுத்த மண்டல அட்டவணையில் பார்த்து எழுதி, செக்கோ மணியார்டரோ வைத்து அனுப்புவார்கள்.

இந்த வியாபாரம் கிராமங்களில் பெருகக் கைகொடுத்தது 1913 ஜனவரி 1-இல் தொடங்கிய பார்சல் தபால். அதுவரை அமெரிக்கத் தபாலில் 4 பவுண்டுக்கு மேல் அனுப்ப முடியாது. அன்று அது 11 ஆனது.

செல்வம்:
ஸ்கேன் செய்பவர்களுக்கு: முதுகுப் பசை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் நடுவில் பிளந்துவிடும். 90 டிகிரி அளவுக்கு மட்டும் விரித்து, தாங்கி கொடுத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். மறுபக்க அச்சு தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் செருகுங்கள். அச்சுப் புள்ளிகளால் படத்தில் அலைக்கோடு விழும். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, லேசாக மங்கலாக்கி, பிறகு அளவைக் குறைத்தால் அடங்கும்.

அலமாரியில் நிறுத்தாமல் படுக்கவையுங்கள். 1968 பிரதியே 600 பக்கத்துக்கு மேல். அந்தக் கனம் தாள்களை முதுகிலிருந்து பிய்த்துவிடும். சட்டம் போட்டு விற்பதற்காகப் பக்கங்களைக் கிழிப்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். பொம்மைப் படம் எங்கும் கிடைக்கும். எந்த விலையில், எதற்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள் என்பது முழுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது.