ஊர் சுற்றும் ஆசை வருத்தமா, உரிமையா?

கரையோர ரயில்:
லீவு கிடைத்தால் கொழும்பில் இருக்க என்னால் முடிவதில்லை. வெள்ளவத்தையில் ரயில் சத்தம் கேட்டாலே கால் பரபரக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது முழுக்கப் பயணத்துக்குத்தான். அடுத்தது மதுரை, ராமேஸ்வரம். வீட்டில் இதை ஒரு வருத்தம், நோய் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காலிவீதி அண்ணன்:
வீட்டார் சொல்வதை ஒதுக்காதே தம்பி. 1880களில் பிரான்சின் போர்தோ நகரில் அல்பேர் தாதாஸ் என்று ஒரு தொழிலாளி இருந்தார். திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார். மொஸ்கோ வரை போயிருக்கிறார். பிலிப் திஸ்ஸியே என்ற மருத்துவர் 1887இல் அவரை வைத்தே ஆய்வேடு எழுதினார். ஆசை ஆளை இழுக்கத் தொடங்கினால் இப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோமே, அதற்குள் மறந்துவிட்டதா? கையில் காசு இல்லாத வீடுகள் அன்று பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வன்னிப்பாதை:
அண்ணா, தாதாஸை இங்கே கொண்டுவருவது நியாயமில்லை. அவருக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும், போன இடமும் நினைவில் நிற்காது. தம்பி லீவு போட்டு, காசு சேர்த்து, டிக்கெட் எடுத்துப் போகிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும்?
இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் போரால் 1990இல் நின்றது. யாழ்ப்பாணம் வரை மறுபடி ஓடியது 2014 ஒக்டோபரில். கொழும்பில் பிறந்த நான் மாங்குளம், கிளிநொச்சி, பளை என்று ஸ்டேஷன் பெயர்களை அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். வடக்கே போகும் ஏ9 பாதை மூடிக் கிடந்தது, சோதனைச்சாவடி தாண்ட ஒவ்வொரு முறையும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காரணமே இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்வர முடிகிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம்! அதை நோய் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

காலிவீதி அண்ணன்:
கோபம் வேண்டாம் தங்கச்சி. ஆனால் நீங்கள் சொல்வது ஊருக்குப் போவது. ஊர் சுற்றுவது வேறு.

வன்னிப்பாதை:
எனக்கு அங்கே வீடும் இல்லை, காணியும் இல்லை அண்ணா. பார்க்காத இடத்தைப் பார்க்கத்தான் நானும் போனேன்.

பம்பலப்பிட்டி வாசகன்:
இது பரம்பரையில் வருவது என்றும் சொல்கிறார்கள். 1999இல் வந்த ஓர் ஆய்வில், நெடுந்தூரம் இடம்பெயர்ந்த இனக்குழுக்களில் டிஆர்டி4 என்ற மரபணுவின் ஒரு வடிவம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளின் ஆசைக்கு அதைக் காரணமாக்க முடியாது.

காலிவீதி அண்ணன்:
மரபணுவை விடுங்கள். தம்பி, அம்மாவின் மருந்துக்குக் காசு தனியாக இருக்கிறதா? வேலை போனால் மூன்று மாதம் வீடு ஓடுமா?

கரையோர ரயில்:
மருந்துக்காசு தனியாக இருக்கிறது. மற்றது இல்லை, அதைச் சேர்க்கத்தான் வேண்டும். அதுவரை மதுரையைத் தள்ளிப்போடுகிறேன். ஆனால் லீவு நாளில் வீட்டிலேயே இரு என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா. இந்தச் சனிக்கிழமை காலிக் கோட்டைக்குப் போகிறேன். அதற்கு அதிகம் செலவாகாது.