ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது, அர்த்தம் தேடலாமா?

பின்தூங்கி:
கொஞ்ச நாளாக எழுந்தவுடன் கனவுகளைக் குறித்து வைக்கிறேன். முக்கால்வாசி குப்பைதான், ஆனால் ஒன்று மட்டும் விடாமல் வருகிறது. யாருக்கோ அவசரமாக போன் செய்ய வேண்டும், எண்ணும் தெரியும், ஆனால் கடைசி இலக்கம் தப்பாகவே விழும், அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தால் திரும்பவும் தப்பு. யாரை அழைக்கிறேன் என்பது எழுந்ததும் மறந்துபோகிறது, அந்தப் பதற்றம் மட்டும் பல் தேய்த்து முடிக்கிற வரை போவதில்லை. கனவுப் பலன் போடுகிற தளங்களில் தேடினால் ஒன்றில் பணவரவு, இன்னொன்றில் பிரிவு! இதற்கெல்லாம் உண்மையிலேயே அர்த்தம் உண்டா?

ராக்கோழி:
இல்லை, பேசாமல் தூங்குங்கள். 1953-ல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற தூக்க ஆராய்ச்சியாளர்கள் தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் ரெம் கட்டத்தைப் பற்றி எழுதினார்கள், அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும், விடியல் நெருங்க நெருங்க நீளும், காலைக் கனவு அதிகம் நினைவில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1977-ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற மனநல மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்றால், மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் சமிக்ஞைகளை மேல்மூளை எப்படியோ ஒரு கதையாகக் கோர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். அதில் பலன் பார்ப்பது மேகத்தில் யானையைப் பார்ப்பது மாதிரி.

சும்மா வந்தவள்:
ராக்கோழி பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். கனவு என்பது மாறுவேடம் போட்ட ஆசை என்ற உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டின் கருத்தைத்தான் ஹாப்சன் ஏற்கவில்லை, கனவில் உணர்ச்சி வெளிப்படையாகவே தெரிகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. கால்வின் ஹால் என்ற உளவியலாளர் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார், பகலில் எதைச் சுற்றி மனம் ஓடுகிறதோ அதுதான் கனவிலும் வருகிறது என்பது அந்த வழியில் வந்தவர்கள் சொல்வது. 2000-ல் ஸ்டிக்கோல்ட் என்ற தூக்க ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் சிலரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். தூக்கம் பிடிக்கிற நேரத்தில் கட்டைகள் விழுவது பலருக்குத் தெரிந்தது, அதில் ஞாபக மறதி நோயாளிகளும் உண்டு, விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை!

பின்தூங்கி, அந்தக் கடைசி இலக்கத்தை விட்டுவிடுங்கள். கனவில் எழுத்தும் எண்ணும் நிலையாக நிற்பதில்லை என்று நிறைய பேர் சொல்கிறார்கள், கனவுக்குள்ளேயே விழித்துக்கொள்ளப் பழகுகிறவர்கள் 'ஒரு வரியைப் படி, கண்ணை எடு, மறுபடி படி, மாறியிருந்தால் கனவு' என்று சோதிப்பதே இதை வைத்துத்தான். அதனால் எண் தப்பாவது கனவின் சுபாவமாக இருக்கலாம். அவசரம் மட்டும் உங்களுடையது, அதைக் கவனியுங்கள். பணம் வருமா, யார் பிரிவார் என்கிற ஆராய்ச்சி வேண்டவே வேண்டாம்.

நாலாம் ஜாமம்:
அதெல்லாம் சரி, எனக்குக் கனவில் வந்தது அப்படியே நடந்திருக்கிறதே. வருடக்கணக்காகத் தொடர்பில்லாத நண்பன் கனவில் வந்தான், மறுநாளே அழைத்தான்.

ராக்கோழி:
அவன் கனவில் வந்தும் அழைக்காத இரவுகளை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒரு இரவில் பல கனவு, அதில் பெரும்பாலானவை எழுந்ததுமே போய்விடும், நடந்தது மட்டும்தான் ஒட்டிக்கொள்ளும். பின்தூங்கி செய்வதுபோல் விடிந்தவுடன் தேதி போட்டு எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

மெத்தைவாசி:
யாரும் சொல்லாத ஒன்று. கனவு திடீரென்று கடுமையாகிவிட்டால் அர்த்தம் தேடுவதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர்கள் எல்லாம் கனவைக் கிளப்பிவிடும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். கனவில் செய்வதை நிஜமாகவே செய்து கை கால் வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கிற அளவுக்குப் போனால் கட்டாயம் காட்ட வேண்டும். ரெம் தூக்கத்தில் உடல் தளர்ந்து கிடக்க வேண்டும், அது நடக்காமல் போவது வயதானவர்களில் சில சமயம் பார்க்கின்சன் என்னும் நடுக்கவாத நோய்க்கு முன்னறிகுறி.

வெறும் கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பயிற்சி உண்டு. பகலில் உட்கார்ந்து முடிவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி, அந்தப் புதிய கதையை மனதில் தினமும் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. கொடுங்கனவுக்கு மருத்துவர்களே இதைச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் விஷயத்தில் அழைப்பு போய்ச் சேர்ந்து அந்தப் பக்கம் யாரோ 'ஹலோ' சொல்வதாக எழுதுங்கள்.

பின்தூங்கி:
எல்லோருக்கும் நன்றி. நோட்டைப் புரட்டினேன், வேலையில் கெடு நெருங்குகிற வாரங்களில்தான் அதிகம் வந்திருக்கிறது. ஆனால் விடுமுறையிலும் ஒரு தடவை வந்திருக்கிறதே, அது என்ன கணக்கு?

ராக்கோழி:
விடுமுறையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களா? காலையில் தூக்கம் நீண்டால் ரெம்மும் நீளும்.

சும்மா வந்தவள்:
அல்லது விடுமுறை முடியப்போகிற கடைசி நாளா அது?